கூட நாலு பேர், பக்கத்தில் ஓர் இடம்: ஆஸ்திரேலிய நிலத்தைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

ஆஸ்திரேலியாவுக்கு வந்து கேமரா வாங்கியதும் பெரும்பாலோர் போடும் பட்டியல் ஒன்றுதான்: ஊலுரு, ட்வெல்வ் அப்போஸல்ஸ், கிரேடில் மவுண்டன், ஏதாவதொரு இளஞ்சிவப்பு ஏரி. வருடத்துக்கு ஒரு விடுமுறை, ஒரு விமானப் பயணம், நடுப்பகல் வெயிலில் போய் இறங்கி எல்லாரும் எடுத்த கோணத்திலேயே ஒரு படம். நான் சொல்ல வருவது வேறு வழி. வீட்டிலிருந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட வர நாலு பேரைச் சேருங்கள். அதே இடத்துக்கு வெயிலிலும் குளிரிலும் மழைக்கு மறுநாளும் போய்க்கொண்டே இருங்கள். இந்த நாட்டு நிலம் முதல் பார்வையில் தன்னைக் காட்டாது. திரும்பி வருகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும்.

முதலில் இடம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம். நிலக்காட்சிப் படத்துக்கும் முதற்பொருள் அவைதான். எந்தக் கேமரா என்ற கேள்வி அப்புறம்.

நான் இருப்பது சிட்னி என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. நகரத்துக்குத் தெற்கே ராயல் நேஷனல் பார்க் இருக்கிறது. தாரவல் மக்களின் நிலம். 1879-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மணற்பாறைச் செங்குத்துகள், கடற்கரைகள், புதர்வெளி, மழைக்காட்டுப் பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே பூங்காவுக்குள். வாட்டமொல்லாவில் ஓர் அருவி நேராகக் கழிமுகத்து நீரில் விழுகிறது. ஒரு வருடம் முழுக்க இங்கே மட்டும் படமெடுத்தாலும் தீராது.

ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு இந்தப் பகுதி பழக்கம்தான். கோவிலிலிருந்து காரில் சில நிமிடங்களில் பால்ட் ஹில் என்னும் குன்று வந்துவிடும். கீழே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. 1894-இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் தான் செய்த பெட்டிப் பட்டங்களைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து மேலெழுந்த இடம் அது. தெற்கே பார்த்தால் மலைமுகங்கள் அடுக்கடுக்காகக் கடலை நோக்கி இறங்கும். 2005-இல் திறந்த 665 மீட்டர் நீள ஸீ கிளிஃப் பாலமும் அந்தக் கரையோரத்தில்தான். இங்கே ஒளி காலையில் கடலிலிருந்து வந்து மலைமுகத்தில் விழும். பிற்பகலிலோ பின்னாலிருக்கும் மலையின் நிழல் கரையைச் சீக்கிரமே மூடிவிடும். தரிசனம், கேன்டீன் சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் போனால் மலைமுகத்தில் வெயில் இருக்காது. விடியுமுன் பால்ட் ஹில், அதன் பிறகு கோவில் என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கார் இல்லையென்றால் ப்ளூ மவுண்டன்ஸ். சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து கட்டூம்பாவுக்கு ரயிலில் ஏறத்தாழ 2 மணி நேரம். பாரமட்டாவிலோ வெஸ்ட்மீடிலோ ஏறிக்கொள்ளலாம். எக்கோ பாயின்டில் த்ரீ சிஸ்டர்ஸ் என்னும் மூன்று பாறைத்தூண்களை எல்லாரும் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். ஆனால் அங்கிருந்து நடந்தே போகக்கூடிய அருவிகளிலும் பள்ளத்தாக்குப் பாதைகளிலும்தான் திரும்பத் திரும்பப் போகும் அளவுக்கு வேலை இருக்கிறது.

மெல்பர்னில் இருப்பவர்களுக்கு டாண்டினாங் மலைகளின் ஷெர்புரூக் காடு. உலகில் மிக உயரமாக வளரும் பூக்கும் தாவரங்களில் ஒன்றான மவுண்டன் ஆஷ் மரங்கள் அங்கே நிற்கின்றன. குளிர்காலக் காலைகளில் அவற்றுக்கிடையே மூடுபனி இறங்கும். பிரிஸ்பேனுக்கு வடக்கே கிளாஸ் ஹவுஸ் மலைகள், ஹோபார்ட்டின் தலைமேலேயே குனானி (மவுண்ட் வெலிங்டன்), பெர்த்தில் மேற்கு பார்த்த கடற்கரை. எந்த நகரமானாலும் பக்கத்தில் ஓர் இடம் உண்டு.

ஒரே இடம் சலித்துவிடாதா என்று கேட்பார்கள். 2019–20 கோடைத் தீயில் ப்ளூ மவுண்டன்ஸ் உலகப் பாரம்பரியப் பகுதியின் பெரும்பங்கு எரிந்தது. அடுத்த மாதங்களில் கரிந்த அடிமரங்களின் மேலேயே பச்சைக் குருத்துகள் கொத்துக் கொத்தாக வெடித்தன. 2021 தொடக்கத்தில், தீயும் அதன்பின் மழையும் சேர்ந்தால் மட்டுமே பெரிதாகப் பூக்கும் இளஞ்சிவப்பு ஃபிளானல் பூக்கள் மலைச்சரிவுகளை நிரப்பின. அந்த இரண்டு காட்சியையும் எடுத்தவர்கள் ஏற்கெனவே அங்கே போய்வந்துகொண்டிருந்தவர்கள்.

அடுத்து, கூட வருகிறவர்கள்

நிலக்காட்சிப் படம் தனிமையில் செய்யும் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த நாட்டில் புதியவர்கள் அதை நம்ப வேண்டாம். இருட்டில் கிளம்ப வேண்டும், அலைபேசிச் சிக்னல் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும், அலையடிக்கும் பாறைகளின் பக்கத்தில் நிற்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது என்பதற்கு இதுவே போதும். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியம்: ஒரே அருவி முன் நான்கு பேர் நின்றால் நான்கு படம் வரும். நீங்கள் பார்க்காமல் விட்ட ஈரப் பாசியை, பக்கத்தில் நின்றவர் பார்த்திருப்பார். ஒரு படிப்பிலும் இது கிடைக்காது.

நான்கிலிருந்து ஆறு பேர் சரியான அளவு. இரண்டு காருக்கு மேல் போனால் அது பிக்னிக்காகிவிடும். ஒருவர் அலையேற்ற (டைட்) நேரத்தையும் வானிலையையும் பார்ப்பார், ஒருவர் பாதையையும் பூங்கா அறிவிப்புகளையும் பார்ப்பார், ஒருவர் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். குழந்தைகளை அழைத்துவரும் குடும்பம் இருந்தால் வேலியிட்ட காட்சிமேடை உள்ள இடமாகப் பாருங்கள்.

சில மரியாதைகளைத் தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஈர மணலில் யாரும் இன்னும் படமெடுக்காத பக்கம் கால் வைக்காதீர்கள்; காலடித் தடம் எல்லார் படத்திலும் விழும். மற்றவர் நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்துவைத்து எடுப்பதில்) இருக்கும்போது ஹெட்லாம்பைத் திருப்பாதீர்கள். ஒருவர் டிரைபாட் போட்ட இடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமானால் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

நண்பர்கள் கிடைக்காவிட்டால் கேமரா கிளப்புகள் இருக்கின்றன. பெரிய நகரங்களின் புறநகர்களிலும் சிறிய ஊர்களிலும்கூட உண்டு. மாநில அளவில் கூட்டமைப்புகளும் நாடு முழுதுக்கும் ஆஸ்திரேலியன் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியும் இயங்குகின்றன. பொதுவாக, உறுப்பினராகச் சேரும் முன் விருந்தினராக ஓரிரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். மாதப் போட்டியில் வெளியிலிருந்து வரும் நடுவர் ஒவ்வொரு படத்தையும் பற்றிப் பேசுவார். மதிப்பெண்ணை விட்டுவிட்டு அந்தப் பேச்சைக் கவனியுங்கள். உறுப்பினர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எந்தப் பாதையில் மழைக்குப் பின் எத்தனை நாள் அருவி ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தயங்காமல் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

சூரியன் வடக்கு வழியாகப் போகிறது

ஊரிலிருந்து வந்தவர்களின் கணக்கு தவறுவது இங்கேதான். தென்கோளத்தில், சிட்னி போன்ற அட்சரேகையில், நண்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் நிற்கும். வடக்கு நோக்கி நின்றால் அது வலமிருந்து இடமாக நகரும். ஆகவே வடக்கு பார்த்த மலைச்சரிவு வெயிலில் இருக்கும், தெற்கு பார்த்த சரிவும் பள்ளத்தாக்கும் நிழலில் இருக்கும். மழைக்காட்டையும் பாசி படிந்த அருவிகளையும் தெற்கு, கிழக்கு பார்த்த மடிப்புகளில் தேடுங்கள்.

பருவமும் தலைகீழ். டிசம்பரில் சிட்னியில் காலை 5.40 வாக்கில் சூரியன் எழும்; அதைப் பிடிக்க மூன்றரை மணிக்கு எழ வேண்டும். ஜூன் இறுதியில் 7 மணிக்குத்தான் உதயம். புதியவர்கள் குளிர்காலத்தில் தொடங்குங்கள் என்பேன். இன்னொரு நன்மையும் உண்டு: ஜூனில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். நாள் முழுக்கச் சாய்வான ஒளி. டிசம்பரிலோ அது 80 டிகிரிக்கு ஏறி உச்சந்தலையில் அடிக்கும். காலை எட்டு மணிக்கே நிழல்கள் கறுத்து, பாறைகள் வெளுத்துவிடும்.

எழும் திசையும் நிறைய நகரும். சிட்னியில் கோடை நடுவில் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி தெற்கே, குளிர்கால நடுவில் அதே அளவு வடக்கே. ஜூலையில் ஒரு பாறைக்குப் பின்னால் சரியாக எழுந்த சூரியன் ஜனவரியில் அங்கே இருக்காது. சூரியன், நிலவு வரும் திசையை வரைபடத்தின் மேல் காட்டும் செயலிகள் உண்டு; கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லாரும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வெளுக்கத் தொடங்கினால் சட்டென்று விடிந்துவிடும். தெற்கே போகப் போக அந்த இடைவெளி நீளும். ஹோபார்ட்டில் விடியலுக்கு முந்தைய நீல ஒளி நின்று நிதானமாக மாறும். உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே டிரைபாட் நின்றிருக்க வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான். சூரியன் எழுவதற்கு முந்தைய நிறங்கள் பெரும்பாலும் எழுந்த பிறகு வருவதைவிட நன்றாக இருக்கும்.

பைக்குள் என்ன

அலைபேசியே போதும், தொடங்குவதற்கு. கேமரா வாங்குவதென்றால் பழைய மாடலைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, மிச்சப் பணத்தை உறுதியான டிரைபாடில் போடுங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் போதும். அதன்பின் வாங்க வேண்டிய முதல் பொருள் போலரைசர் ஃபில்டர். யூகலிப்டஸ் இலைகளின் மேலும் ஈரப் பாறைகளின் மேலும் ஒரு வெள்ளைப் பளபளப்பு நிற்கும். போலரைசரைச் சுழற்றினால் அது விலகி உள்ளிருக்கும் நிறம் வரும். கணினியில் பின்னால் செய்துகொள்ள முடியாத வேலை இது. மிக அகன்ற லென்ஸில் மட்டும் வானத்தின் ஒரு பகுதி கறுத்துத் தெரியும், அங்கே கழற்றிவிடுங்கள்.

கடல் திவலையைத் துடைக்க இரண்டு மூன்று துணிகள், உபரி பேட்டரி, ஹெட்லாம்ப், குடிநீர், தொப்பி. மேகம் இருந்தாலும் சன்ஸ்கிரீன். படங்களை ரா ஃபைலாக (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக) எடுங்கள்.

கடற்கரையில்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. இங்குள்ள கடல் பொறுத்துக்கொள்ளாது.

ராயல் பார்க்கில் ஃபிகர் எய்ட் பூல்ஸ் என்று பாறைத்தளத்தில் எட்டு வடிவக் குழிநீர் இருக்கிறது. சமூக ஊடகங்களில் படம் பரவிய பிறகு கூட்டம் வந்தது. எதிர்பாராத அலை ஆட்களைப் பாறைமேல் இழுத்துப் பலர் காயப்பட்டார்கள். இப்போது பூங்கா நிர்வாகமே அந்த இடத்துக்கு அலை ஆபத்து முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதே பூங்காவின் வெடிங் கேக் ராக் என்னும் வெள்ளைப் பாறைவிளிம்பு 2015-இல் வேலியிடப்பட்டது, உடைந்து விழக்கூடியது என்பதால். வேலிக்கு அந்தப் பக்கம் எந்தப் படமும் இல்லை என்று குழுவில் எல்லாரும் ஒத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வானிலைத் துறையின் பக்கத்தில் அலையேற்ற நேரமும் அலை உயரமும் பாருங்கள். இறங்கும் முன் மேலே நின்று குறைந்தது 20 நிமிடம் கடலைப் பாருங்கள். சிறிய அலைகள் பத்து வந்தபின் பெரிய அலைகள் மூன்று சேர்ந்து வருவது இங்கே சாதாரணம். பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே வந்திருக்கிறது என்று பொருள். உலர்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள். கறுப்பாகவும் பச்சையாகவும் வழுக்கும் படலம் உள்ள இடத்தை மிதிக்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேமராவுக்குள் கண்ணை வைக்க வேண்டாம், முறை வைத்து ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூட்டாகப் போவதன் பயன் இந்த ஒரு வேலையிலேயே கிடைத்துவிடும்.

இனி படம். ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8 முதல் எஃப் 11 வரை. பாறையில் ஏறிய நீர் வழிந்து இறங்கும் கோடுகள் வேண்டுமானால் கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை ஷட்டர் வையுங்கள். அலை வந்து மோதும்போது எடுக்காதீர்கள், பின்வாங்கும்போது எடுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் போனால் கடல் பால்போல் மழுங்கிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு, அலை தன் வடிவத்தோடு இருப்பதுதான் பிடிக்கும். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 நொடி டைமர் போடுங்கள். ஒவ்வொரு சில படத்துக்கும் லென்ஸைத் துடையுங்கள். ஒளியின் அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வலது ஓரம் முட்டினால் வானத்தின் நிறம் போய்விட்டது. கொஞ்சம் இருட்டாக எடுத்து, நிழல்களைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

ட்வெல்வ் அப்போஸல்ஸ் பக்கம் போகும்போதும் இவை எல்லாம் பொருந்தும். அந்தச் சுண்ணாம்புத் தூண்கள் இன்னும் உடைந்துகொண்டிருப்பவை: 1990 ஜனவரியில் லண்டன் பிரிட்ஜ் என்னும் பாறைவளைவின் ஒரு பகுதி விழுந்தது, 2005 ஜூலையில் அப்போஸல்ஸ் தூண்களில் ஒன்று சரிந்தது. செங்குத்தின் அடியில் டிரைபாட் போடாதீர்கள்.

யூகலிப்டஸ் காடு

புதியவர்கள் மனம் சோர்வது காட்டில்தான். கண்ணுக்கு அழகாக இருந்தது, படத்தில் குப்பையாக இருக்கிறது என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. இந்த மரங்களின் இலைகள் தொங்கும், வெயிலை முழுக்க மறைக்காது. வெயில் காட்டுக்குள் புள்ளி புள்ளியாக இறங்கி வெள்ளை, கறுப்புத் துண்டுகளாக உடைக்கும். கிளைகள் எல்லாத் திசையிலும் போகும், உரிந்த பட்டை தொங்கும், தரையெல்லாம் சருகு. அகன்ற லென்ஸில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது.

வெயில் இல்லாத நாளில் போங்கள். மேகமூட்டம், தூறல், மூடுபனி மூன்றும் காட்டுக்கு உகந்த பொழுதுகள். மூடுபனி பின்னாலிருக்கும் கிளைகளை அழித்துவிட்டு, முன்னாலிருக்கும் ஒரு மரத்தை மட்டும் விட்டுவைக்கும். ப்ளூ மவுண்டன்ஸில் எதிர்ப்பக்கம் தெரியவில்லை என்று சுற்றுலாப் பயணிகள் திரும்பிப் போகும் காலைதான் உங்களுக்குச் சிறந்த காலை. லென்ஸை 70 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டி, ஒரு தண்டு, ஒரு வளைவு, இரண்டு மரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி என்று குறுக்கிப் பாருங்கள். வானம் துளி தெரிந்தாலும் கண் அங்கே ஓடும். அதை வெளியே தள்ளுங்கள்.

மழைக்குப் பின் பட்டைகளின் நிறம் வேறு. உயர்மலையில் வளரும் ஸ்நோ கம் நனைந்தால் செம்பு, பச்சை, மஞ்சள் கீற்றுகள் தண்டில் பளிச்சிடும். சிட்னியைச் சுற்றி ஸ்க்ரிப்லி கம் என்ற மரத்தின் வெண்பட்டையில் யாரோ பென்சிலால் கிறுக்கியதுபோல் கோடுகள் இருக்கும். அந்துப்பூச்சியின் புழுக்கள் பட்டைக்கடியில் தின்றுகொண்டே போன தடம் அது. அலைபேசியிலேயே அருமையாக வரும் படம், முதல் நாளில் ஒவ்வொருவரும் ஒன்று எடுக்கலாம்.

இன்னொன்று, நிறம். இந்தக் காட்டின் பச்சை சாம்பல் கலந்த பச்சை, கொஞ்சம் நீலமும் உண்டு. படத்தைத் திருத்தும்போது கேரளத்துப் பச்சையாக ஏற்றிவிடாதீர்கள். இந்த நிலத்தின் நிறத்தை அப்படியே விரும்பப் பழகுவது கொஞ்சம் காலம் எடுக்கும். பழகியபின் பளிச்சென்ற பச்சை கண்ணை உறுத்தும்.

அருவிகளுக்கு அரை நொடி முதல் இரண்டு நொடி போதும், போலரைசரோடு. மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் போங்கள். அட்டைகள் இருக்கும், சிட்னிக் கரையோரப் புதர்களில் உண்ணிகளும் உண்டு, வீடு திரும்பியதும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பமான மாதங்களில் பாம்புகள் பாதையில் கிடக்கும். முழுக்கால் சட்டை, மூடிய ஷூ. தீ ஆபத்து நாட்களில் பூங்காவே மூடப்படலாம், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ப்ளூ மவுண்டன்ஸில் நீண்ட நடைக்குப் போகிறவர்களுக்குக் காவல்துறையும் பூங்காத் துறையும் அவசர இருப்பிடக் கருவியை இலவசமாகக் கடன் கொடுக்கின்றன. அவசரத்துக்கு 000, நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவைக் காட்டும் எமர்ஜென்சி பிளஸ் செயலியை எல்லார் அலைபேசியிலும் ஏற்றுங்கள். கங்காருக்கள் சாலையில் குதிப்பது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும், அதாவது நாம் வண்டியோட்டும் அதே நேரத்தில். வேகத்தைக் குறையுங்கள்.

இரவு

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பால்வீதியின் நடுப்பகுதி இங்கே உச்சிக்கே ஏறி நிற்கும். ஊரில் தெற்கு அடிவானத்தின் பக்கம் பார்த்த விருச்சிகம் இங்கே தலைக்கு மேல். அமாவாசையை ஒட்டிய நாள், நகர வெளிச்சம் இல்லாத இடம், 14 முதல் 24 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ 3200, 15 முதல் 20 நொடி. பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். தென்சிலுவைக்குப் பக்கத்தில் கருந்திட்டு ஒன்று இருக்கும். ஆஸ்திரேலியத் தொல்குடிகள் பலருக்கு அது ஈமுப் பறவையின் தலை. கழுத்தும் உடலும் பால்வீதியின் கரும்பட்டை வழியே விருச்சிகம் வரை நீளும். ஒரு முறை கண்டுகொண்டால் பிறகு படத்தில் அதைத்தான் தேடுவீர்கள். சிட்னியிலிருந்து நீண்ட பயணம் போக முடிந்தால் வாரம்பங்கிள். 2016-இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம்.

யாருடைய நிலம்

நாம் படமெடுக்கும் ஒவ்வொரு பாறைக்கும் அதன் மக்கள் இருக்கிறார்கள். ஊலுரு 1985 அக்டோபர் 26 அன்று அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 2019-இல் அதே தேதியில் மேலே ஏறுவது நிறுத்தப்பட்டது. பாறையைச் சுற்றிய பாதையில் சில இடங்களில் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அந்தப் பாறைப் பிளவுகளும் குகைகளும் அவர்களின் வேதம் போன்றவை, எல்லாரும் எல்லா இடத்திலும் பார்ப்பதற்கானவை அல்ல. பலகையைக் கண்டதும் கேமராவைக் கீழே இறக்குங்கள். கோவில் கருவறையைப் படமெடுக்காத நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படத்தைப் பகிரும்போது அந்த நிலத்து மக்களின் பெயரையும் எழுதுங்கள்: ப்ளூ மவுண்டன்ஸ் என்றால் தாருக், குந்துங்கரா.

ட்ரோன் வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது: 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது, ஆட்களிலிருந்து 30 மீட்டர் விலகியிருக்க வேண்டும், கண்பார்வையில் இருக்க வேண்டும், இரவில் கூடாது. நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காக்களில் அனுமதி பெறாமல் பறக்கவிட முடியாது. என்னைக் கேட்டால், கூட்டாகப் போகும் காலையில் ட்ரோன் வேண்டாம். அதன் சத்தம் மற்ற எல்லாரின் காலையையும் எடுத்துக்கொள்ளும். எளிதில் சிதையும் இடங்களின் சரியான இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். ஃபிகர் எய்ட் பூல்ஸில் நடந்தது போதும்.

உட்கார்ந்து பார்ப்பது

போய் வந்த வாரத்துக்குள் ஒருவர் வீட்டில் கூடுங்கள். ஆளுக்கு மூன்று படம், அதற்கு மேல் வேண்டாம். தேர்ந்தெடுப்பதே பாதிப் பயிற்சி. டிவியில் போட்டு, எடுத்தவர் பேசாமல் இருக்க, மற்றவர்கள் முதலில் கண் எங்கே போனது என்று சொல்லட்டும். அடுத்து, எது இல்லாதிருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லட்டும். "சூப்பர்" என்ற சொல்லை அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கிவைத்தால் எல்லாருக்கும் பயன். அதன் பிறகு எடுத்தவர் தான் என்ன நினைத்தார் என்று சொல்லலாம். திருத்த டார்க்டேபிள் கணினியிலும் ஸ்னாப்சீட் அலைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களுக்கு எப்போதும் இரண்டு பிரதி, வெவ்வேறு இடத்தில்.

இப்படிச் சேர்ந்து பார்த்ததில் இந்த நாட்டின் வரலாறே ஒரு முறை திரும்பியிருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஒலேகாஸ் ட்ருசானாஸ் லிதுவேனியாவிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாஸ்மேனியாவுக்கு வந்தவர். 1967 தீயில் அவர் வீடும் ஸ்லைடுகளும் எரிந்தன. மறுபடி கிளம்பி எடுத்தார். அணையில் மூழ்கவிருந்த பெடர் ஏரியின் படங்களை ஹோபார்ட்டில் மக்களைக் கூட்டித் திரையிட்டார். ஏரியைக் காப்பாற்ற முடியவில்லை; 1972-இல் அது மூழ்கியது, அதே ஆண்டு அவரும் கார்டன் ஆற்றில் இறந்தார். அவரிடம் கற்ற பீட்டர் டோம்ப்ராவ்ஸ்கிஸும் லாட்வியப் பெற்றோருக்கு அகதி முகாமில் பிறந்து வந்தவர்தான். ஃபிராங்க்ளின் ஆற்றின் ராக் ஐலண்ட் பெண்டில் காலைப் பனியில் அவர் எடுத்த படம் 1983 தேர்தலின்போது செய்தித்தாள்களில் முழுப் பக்கமாக வந்தது. ஆற்றில் அணை கட்டும் திட்டம் அந்த ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்போடு நின்றது. ஆறு இன்றும் ஓடுகிறது. இந்த நிலத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த இருவரும் புலம்பெயர்ந்தவர்கள் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

தூரத்துக்குப் போகும்போது

பக்கத்து இடத்தில் ஒரு வருடம் பழகியபின் போங்கள். பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்: கிரேடில் மவுண்டனில் ஃபேகஸ் என்னும் மரத்தின் இலைகள் பொன்னாக மாறுவது ஏப்ரல் இறுதியை ஒட்டி, மேற்கு ஆஸ்திரேலியக் காட்டுப்பூக்கள் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, நடுநிலப் பாலைக்குக் குளிர்காலம். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் வில்பெனா பவுண்டுக்குப் பக்கத்தில் புகைப்படக் கலைஞர் ஹெரால்ட் கேஸ்னோ 1937-இல் படமெடுத்த ரிவர் ரெட் கம் (ஒருவகை யூகலிப்டஸ்) மரம் ஒன்று, வேர்கள் பாதி வெளியே தெரிய, இன்னும் நிற்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். ஏழு நாளில் ஏழு ஊர் போனால் படம் வராது.

முதல் மாதம்

முதல் வாரம், இடத்தை முடிவுசெய்து, பகலில் கேமரா இல்லாமல் போய் நடந்து பாருங்கள்: வண்டி நிறுத்துமிடம், கதவு பூட்டும் நேரம், கழிப்பறை, வழுக்கும் படிகள். இரண்டாம் வாரம், அலையேற்றமும் உதயமும் பார்த்து ஒரு நாளைக் குறித்து, உதயத்துக்கு 45 நிமிடம் முன்பு நில்லுங்கள். சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கலைய வேண்டும். மூன்றாம் வாரம், மேகமூட்டமோ தூறலோ இருக்கும் நாளில் அதே பூங்காவின் காட்டுப் பக்கம். நான்காம் வாரம், ஆளுக்கு மூன்று படத்தோடு ஒரு வீட்டில் கூடுங்கள். எடுத்த தேதி, அலையேற்ற நேரம், காற்று, எது பூத்திருந்தது என்பதை எல்லாரும் திறக்கக்கூடிய ஒரே கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அது தேவைப்படும். அடுத்த காலையின் தேதியைக் குறித்தபின் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.